வலை இருக்கும் வரை காகிதமும் இருக்க வேண்டும்

என் தாய்மாமா பள்ளிபாளையத்தில் நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். பாவு சுற்றிய பீமைத் தூக்கித் தூக்கியே உடம்பு தேய்ந்தவர். ஐம்பத்தொன்பது வயதில் வலது தொடையிடுக்கில் ஒரு புடைப்பு வந்தது. இருமினால் துருத்தும், மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடும். "கொடல் எறங்கிப் போச்சு" என்று தறிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலை வைத்துத் தைத்தார்கள். முக்கால் மணி நேர வேலை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் அந்தப் புடைப்பு தலைகாட்டவேயில்லை. வலிதான் விடவில்லை.

பேருந்தில் ஏறும்போது வலது காலை முதலில் படியில் வைக்க மாட்டார். பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நாலு வாய்க்குள் எழுந்துவிடுவார். வீட்டில் நாற்காலியில் இடப்பக்கமாகச் சாய்ந்துதான் இருப்பார். ஒரு டாக்டர் வயசாகிவிட்டது என்றார், இன்னொருவர் வாயு என்றார், மூன்றாமவர் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். மூன்றாமவர் சொன்னதற்குப் பிறகு மாமா வலியைப் பற்றி வீட்டில் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வழியாகச் சம்மதிக்கவைத்து, அரசு மருத்துவக் கல்லூரியில் பணிபுரியும் ஓர் அறுவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். உட்கார்ந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி: "டாக்டருங்க, உள்ள வெச்ச வலைய எடுத்துப்போட முடியுங்களா?"

"முடியும் அய்யா. ஆனா என்ன வலை வெச்சாங்க, எந்த இடத்துல வெச்சாங்கன்னு தெரியணும். பழைய ஆபரேஷன் நோட்ஸ் இருக்கா?"

மாமா மஞ்சப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் அறுவைச் சிகிச்சையைப் பற்றி இருந்தது ஒரே வரி: வலது பக்க ஹெர்னியா, மெஷ் ரிப்பேர். எந்தக் கம்பெனி வலை, என்ன அளவு, தசைக்கு முன்னால் வைத்தார்களா பின்னால் வைத்தார்களா, நூலால் தைத்தார்களா ஆணி அடித்தார்களா, எதுவும் இல்லை. அந்தப் பழைய மருத்துவமனைக்கே போய்க் கேட்டோம். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: அஞ்சு வருஷத்துக்கு மேற்பட்ட ஃபைல்களைக் கழித்துவிட்டோம்.

அவர்கள் விதி மீறவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், உள்நோயாளியின் மருத்துவ ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கின்றன. உடம்பில் வைத்த வலையோ சாகும்வரை இருக்கப்போவது. அதைப் பற்றிய காகிதத்துக்கு 3 ஆண்டு ஆயுள் என்றால், நாலாவது வருடத்திலிருந்து அந்த மனிதருக்குள் இருப்பது என்னவென்று சொல்ல உலகத்தில் யாரும் இல்லை. பல வருடம் ஆன ஹெர்னியா வலையை எடுக்க முடியுமா என்ற கேள்வியை மருத்துவத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். எடுக்கும் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், எதை எடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால்தான் அந்தத் தேர்ச்சி முழுதாகப் பயன்படும்.

அந்த மருத்துவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரி வலையை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது, வெள்ளை, கொசுவலை போல இருந்தது. மாமா அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். விளிம்பை நகத்தால் சுரண்டினார். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தார். "மாப்ள, இது தறியில நெஞ்சதில்ல. ஊடையும் பாவும் இல்ல பாரு. நிட்டிங்கு" என்றார். மருத்துவரே வியந்துபோனார். உண்மைதான்: அறுவைக்கான வலைகளில் பெரும்பாலானவை நெய்தவை அல்ல, பின்னியவை. நெய்த துணியை வெட்டினால் விளிம்பில் நூல் பிரியும். இப்படிப் பின்னியதை எந்த வடிவத்தில் கத்தரித்தாலும் பிரியாது. நாற்பது வருடம் துணியோடு வாழ்ந்த விரல்களுக்கு, தன் உடம்புக்குள் பன்னிரண்டு வருடமாக இருக்கும் துணி அன்றுதான் தட்டுப்பட்டது.

இந்த வலையை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. வலை இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1880-களில் இத்தாலியின் பதுவா நகரில் எதுவார்தோ பசினி, பலவீனமான அடிவயிற்றுச் சுவரை அடுக்கடுக்காகத் தைத்து மூடும் முறையைக் கொண்டுவந்தார். அதுதான் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அடிப்படை. ஆனால் தளர்ந்த தசையை இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையல் தாங்காது. குடல் மறுபடி இறங்கும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிரான்சிஸ் அஷர் 1958-ல் பிளாஸ்டிக் வலையைப் பயன்படுத்திக் காட்டினார்; சில ஆண்டுகளில் பாலிப்ரோப்பிலீனுக்கு மாறினார். நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியும் சாக்குப்பையும் செய்யும் அதே பொருள். 1980-களில் லாஸ் ஏஞ்சலிஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன், எதையும் இழுக்காமல் ஓட்டையின் மேல் வலையை விரித்துத் தைக்கும் முறையை எல்லா நோயாளிக்கும் செய்யத் தொடங்கி, 1989-ல் 1,000 பேரின் அனுபவத்தை வெளியிட்டார். அதோடு உலகமே வலைக்கு மாறிவிட்டது.

மாறியதில் நியாயம் உண்டு. காக்ரேன் அமைப்பு 2018-ல் 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வலை வைத்தால் குடலிறக்கம் திரும்ப வருவது அநேகமாகக் குறைகிறது என்று சொன்னது. 46 பேருக்கு வலை வைத்தால் ஒருவருக்கு அது திரும்ப வருவது தடுக்கப்படுகிறது என்று கணக்கும் கொடுத்தது. ஏழை நாடுகளுக்கும் இது வாய்த்தது. அதற்கு வழிகாட்டியது நம் நாடு. மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் தொண்டாய்ச்சா என்ற சிற்றூரின் அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், விலை உயர்ந்த வலைக்குப் பதில் கொசுவலைத் துணியையே கிருமிநீக்கம் செய்து பயன்படுத்தி, 2003-ல் முடிவுகளை வெளியிட்டார். அப்படிப்பட்ட மலிவு வலையை உகாண்டாவில் 302 ஆண்களிடம் சோதித்த ஆய்வு 2016-ல் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, விலை உயர்ந்த வலைக்கும் மலிவு வலைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. குடல் இறங்கி, அடைத்துக்கொண்டு, அழுகிச் சாகக் கிடந்த எத்தனையோ கூலித்தொழிலாளர்களை இந்த எளிய துணி காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் உலகில் ஆண்டுதோறும் 2 கோடிக்கும் மேற்பட்ட தொடையிடுக்குக் குடலிறக்க அறுவைகள் நடக்கின்றன. அந்த எண்ணிக்கையில் சிறிய விகிதமும் பெரிய கூட்டம். 2018-ல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறி, அறுவைக்குப் பின் 10 முதல் 12 சதவீதம் பேருக்கு பொருட்படுத்த வேண்டிய அளவுக்கு நாள்பட்ட வலி இருக்கிறது என்கிறது. வேலையையும் அன்றாட வாழ்க்கையையும் முடக்கும் அளவு வலி 0.5 முதல் 6 சதவீதம் பேருக்கு. இந்த வலியெல்லாம் வலையால்தான் என்று சொல்லிவிட முடியாது. வலையில்லாமல் தைத்தவர்களுக்கும் வலி உண்டு. ஆனாலும், நூறு பேரில் சிலர் என்று புத்தகத்தில் அச்சாகியிருக்கும் ஒரு விஷயத்தை, நேரில் ஒரு நோயாளி வந்து சொல்லும்போது மனப்பிரமை என்று திருப்பி அனுப்புவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எடுப்பது ஏன் கடினம்? வலையின் வேலையே உடம்போடு ஒன்றிப்போவதுதான். அதன் ஓட்டைகளுக்குள் சில வாரங்களில் வடுத்திசு புகுந்து வளர்கிறது. சில மாதங்களில் வலையும் சதையும் சேர்ந்து ஒரே தகடாகிவிடுகின்றன. கான்கிரீட்டுக்குள் கம்பி போல. சிலருக்கு இந்த வடு இறுகும்போது வலை சுருங்குகிறது. சுருண்டு மடிந்து கட்டியாகிறது. இப்படிப் பந்தாகிப்போன வலைக்கு 'மெஷோமா' என்று மருத்துவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓடும் நரம்பு அதில் மாட்டிக்கொண்டால் ஒவ்வோர் அசைவுக்கும் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலிக்கும். பிற்பாடு எடுப்பதென்றால், கம்பியை மட்டும் தனியே உருவ முடியாது. கான்கிரீட்டையும் துளித்துளியாகச் செதுக்க வேண்டும்.

எந்த இடத்தில் வைத்தார்கள் என்பது இங்கேதான் உயிர்ப்பிரச்சினை ஆகிறது. முன்பக்கமாகத் திறந்து வைத்த வலை, தசை அடுக்குகளுக்கு நடுவே, விரைக்குப் போகும் இரத்தக்குழாய்களையும் விந்துக்குழாயையும் சுற்றிக்கொண்டு இருக்கும். சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பி வழியாக வைத்த வலை தசைக்குப் பின்னால், சிறுநீர்ப்பையையும் காலுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய்களையும் ஒட்டிக் கிடக்கும். அந்தப் பகுதியில் இரண்டு முக்கோணங்களுக்கு அறுவை மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டாலே நிலைமை புரியும். ஒன்று வலி முக்கோணம்: நரம்புகள் போகும் இடம். மற்றொன்று மரண முக்கோணம்: அடியில் இடுப்பின் பெரிய தமனியும் சிரையும் ஓடுகின்றன. அங்கே கத்தி தவறினால் மேசையிலேயே இரத்தம் கொட்டும். வயிற்றுக்குள் குடலைத் தொட்டபடி வைத்த வலையென்றால் கதை வேறு: குடல் ஒட்டியிருந்தால் அதிலும் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேரலாம்.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று நானும் கேட்டேன். பாலிப்ரோப்பிலீன் வலை சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. உலோக ஆணி அடித்திருந்தால் ஆணி தெரியும். சுருண்டு கட்டியாகியிருந்தால் கட்டி தெரியலாம். நல்லபடி விரிந்து கிடக்கும் வலை சதையோடு சதையாகத்தான் தோன்றும். ஆக, அந்த ஒரு தாளின் இடத்தை எந்த இயந்திரமும் முழுதாக நிரப்புவதில்லை. எங்கள் மருத்துவர் தழும்பைப் படித்தார். தொப்புளைச் சுற்றி மூன்று சிறு துளைத் தழும்புகள் இருந்தால் லேப்ராஸ்கோப்பி. மாமாவுக்கு இடுப்பு மடிப்பில் சாய்வாக ஒரு விரல் நீளத் தழும்பு. "வெளிப்பக்கமாத்தான் வெச்சிருக்காங்க. ஆனா உள்ள பிளக்கும் சேர்த்து வெச்சாங்களான்னு தொறந்தாத்தான் தெரியும்" என்றார். பிளக் என்பது ஓட்டைக்குள் செருகும் கூம்பு வடிவ வலை. பூட்டு என்னவென்று தெரியாமல் சாவி செய்வதுபோல் ஒரு வேலைக்கு அவர் தயாராக வேண்டியிருந்தது.

எல்லா வலையையும் எடுக்க வேண்டியதில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலை வைத்த பெரும்பாலோர் அதை மறந்தே வாழ்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அவர்கள் பயப்படக் கூடாது. கட்டாயம் எடுத்தாக வேண்டிய நிலைமைகள் உண்டு. வலையில் கிருமி பற்றி, ஆறாத புண்ணாகிச் சீழ் வடிந்துகொண்டே இருப்பது ஒன்று. இது அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரும். பெரிய ஓட்டை வலையாக இருந்தால் மருந்தாலேயே சில சமயம் காப்பாற்றிவிடலாம். மிக நுண்ணிய துளை கொண்ட சில வகை வலைகளில் அது எளிதல்ல. பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவுதான். அதை விழுங்க வரும் வெள்ளை அணு அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரிது. நுண்துளைக்குள் திருடன் நுழைந்துவிடுவான், காவலர் நுழைய முடியாது. அப்படிப்பட்ட வலையை எடுத்துத்தான் ஆக வேண்டும். எந்த வகை வலை என்று தெரிந்தால் மருத்துவர் முதல் நாளே முடிவெடுப்பார். தெரியாவிட்டால் நோயாளி மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்கிக்கொண்டிருப்பார். வலை அரித்துக் குடலுக்குள்ளோ சிறுநீர்ப்பைக்குள்ளோ புகுந்துவிடுவதும் கட்டாயம் எடுக்க வேண்டிய நிலைமைதான்.

வலிக்காக மட்டும் எடுப்பது கடைசி வழி. அதற்கு முன் வலி உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டுத் தேய்மானம், முதுகுத்தண்டு, சிறுநீரகக் கல், குடலிறக்கமே திரும்ப வந்திருப்பது, இத்தனையும் அதே தொடையிடுக்கில்தான் வலியாகத் தெரியும். நரம்பு போகும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சில மணி நேரம் வலி நின்றால் நரம்பின் மேல் சந்தேகம் உறுதிப்படும். வலி மருத்துவரிடம் காட்டி, மாத்திரையும் ஊசியும் பார்த்து, மாதங்கள் காத்திருந்து, அதன் பிறகுதான் கத்தி. மாமாவுக்கு அந்த ஊசி போட்டபோது, பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக நாலு மணி நேரம் வலியில்லாமல் இருந்தார். மருத்துவமனை வளாகத்தில் வேப்பமரத்தடியில் சும்மா நடந்துகொண்டே இருந்தார். "நெசமாத்தான் வலிச்சிருக்குது மாப்ள" என்றார். தன் வலியைத் தானே சந்தேகிக்கும் அளவுக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம்.

எடுத்த பிறகும் எல்லாருக்கும் வலி போய்விடுவதில்லை. அனுபவம் உள்ளவர்கள் செய்தால் பலருக்குக் குறைகிறது. சிலருக்கு அப்படியே இருக்கிறது. நரம்பை வெட்டினால் தோல் மரத்துப்போகும். விரைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு அதை இழக்க நேரலாம். குடல் மறுபடி இறங்கலாம். சில சமயம் பெரிய இரத்தக்குழாயின் மேல் ஒட்டிய துண்டை அப்படியே விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஸ்காட்லாந்துப் பெண்களின் கதை இருக்கிறது. அங்கே வைத்தது குடலிறக்கத்துக்கு அல்ல. பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசிவதற்கும் கருப்பை இறக்கத்துக்கும். ஆனால் பொருள் அதே பாலிப்ரோப்பிலீன்தான். வலியால் துடித்த பெண்களில் சிலர் வலையை எடுக்கச் சொல்லி அறுவை செய்துகொண்டார்கள். முழுதாக எடுத்தாகிவிட்டது என்று சொல்லப்பட்டது. வலி போகவில்லை. பின்னர் அவர்களில் சிலர் கடன் வாங்கி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக்குப் போய் மறுபடி திறந்து பார்த்தபோது, உள்ளே வலை இன்னும் இருந்தது. அவர்களின் போராட்டத்தால், வெளியே போய் வலையை எடுத்துக்கொண்ட செலவைத் திருப்பித் தருவதற்கென்றே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2022-ல் தனிச் சட்டம் இயற்றியது. பேராசிரியர் அலிசன் பிரிட்டன் தலைமையில் அந்தப் பெண்களின் மருத்துவ ஆவணங்களைப் படித்துப் பார்க்கும் ஆய்வும் நடந்தது. அந்தப் பெண்களை மிகவும் காயப்படுத்தியது, மிச்சம் இருந்த வலையைவிட, மிச்சம் இருக்கிறது என்று யாரும் சொல்லாததுதான் என்று நான் நினைக்கிறேன். இங்கிலாந்தில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு 2020 ஜூலையில் கொடுத்த அறிக்கையும் இதே இடத்தைத் தொட்டது: யாருக்கு எந்தக் கருவி வைக்கப்பட்டது என்ற தேசியப் பதிவு வேண்டும்.

பதிவேடு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. குடலிறக்க அறுவைகளை ஸ்வீடன் 1992 முதலும் டென்மார்க் 1998 முதலும் பதிந்து வருகின்றன. ஜெர்மனியிலும் பெரிய பதிவேடு உண்டு. எத்திகான் கம்பெனியின் 'பிசியோமெஷ்' என்ற வலையை வைத்தவர்களுக்கு மறு அறுவை அதிகம் தேவைப்படுகிறது என்பது ஜெர்மன், டேனிஷ் பதிவேடுகளில்தான் தெரிந்தது. 2016 மே மாதம் கம்பெனி அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. அதற்கும் முன், 2005 டிசம்பரில் அமெரிக்காவில் பார்ட் கம்பெனியின் 'கம்போசிக்ஸ் குகெல்' வலையின் சில அளவுகள் திரும்பப் பெறப்பட்டன. அதன் விளிம்பில் இருந்த வளையம் உடைந்து குடலைத் துளைக்கக்கூடும் என்பது காரணம். இப்படி ஓர் அறிவிப்பு நாளைக்கு நம் நாளிதழில் வந்தால், தனக்குள் இருப்பது அந்த வலையா இல்லையா என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

நமக்கு இந்தப் பாடம் ஏற்கனவே ஒருமுறை கிடைத்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் செயற்கை இடுப்பு மூட்டு ஒன்றை 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. இழப்பீடு தரலாம் என்று அரசுக் குழு முடிவெடுத்தபோது, அந்த நோயாளிகளில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இடுப்பு மூட்டு எத்தனை பெரிய உலோகம், எத்தனை விலை! அதற்கே இந்தக் கதி என்றால், உள்ளங்கை அளவு வலைக்கு யார் கணக்கு வைத்திருக்கப்போகிறார்கள்?

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் விஷயம் அல்ல. பல வலைகளின் பெட்டிக்குள்ளேயே, பெயரும் அளவும் தொகுதி எண்ணும் அச்சிட்ட, உரித்து ஒட்டும் சிறு ஸ்டிக்கர்கள் வருகின்றன. ஒன்று கேஸ் ஷீட்டுக்கு. காப்பீட்டில் பணம் கேட்க இன்னொன்று. மூன்றாவதை நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகாது. அதன் கீழே நாலு வரி: முன்னாலா பின்னாலா, எப்படி நிலைநிறுத்தினோம், நரம்புகளைப் பார்த்தோமா, எதையாவது வெட்டினோமா. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவிச் சட்டப்படி, உடம்பில் பொருத்தும் வலைக்கு நோயாளியின் கையில் அட்டை கொடுப்பது கட்டாயம். தமிழகத்தில் எத்தனையோ அறுவைகளுக்கு அரசுக் காப்பீடுதான் பணம் கொடுக்கிறது. அட்டை கொடுத்ததற்கு நோயாளியின் கையெழுத்து இருந்தால்தான் பணம் என்று ஒரு வரி சேர்த்தால், அடுத்த மாதமே எல்லா மருத்துவமனையிலும் அட்டை வந்துவிடும்.

உடம்பில் நிரந்தரமாக வைக்கும் எதுவானாலும் அதன் ஆவணத்துக்கு 3 ஆண்டு விதி பொருந்தாது என்று, பழைய கவுன்சிலின் இடத்தில் இப்போது இருக்கும் தேசிய மருத்துவ ஆணையம் திருத்த வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தைத் தர வேண்டும் என்று அதே 2002 விதிகளில் இருக்கிறது. அறுவை செய்துகொண்ட யாரும் இன்றைக்கே போய்க் கேட்டு வாங்கலாம். மூன்று வருடம் ஆவதற்குள் வாங்கிவிடுங்கள் என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிய 2015-லேயே ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. மாமாவைப் பார்த்த மூன்று மருத்துவர்களும் அப்படி ஒன்று இருப்பதாக அவரிடம் சொல்லவில்லை. வலையை எடுக்கும் அறுவையை எல்லாரும் செய்யக் கூடாது. பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் வலி மருத்துவர், இரத்தக்குழாய் அறுவை மருத்துவர், சிறுநீரக அறுவை மருத்துவர் எல்லாரும் சேர்ந்த ஒரு குழு இருந்து, அங்கே அனுப்புவதே முறை.

வலை வைப்பதற்கு முன்பே பேச வேண்டியதும் இருக்கிறது. தொந்தரவு தராத சிறு குடலிறக்கத்தை உடனே வெட்டாமல் கண்காணித்துக் காத்திருக்கலாம் என்று அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2006-ல் காட்டியது. பத்தாண்டுகளில் அப்படிக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் வலி கூடி அறுவைக்கு வந்தார்கள் என்பதும் அதே ஆய்வின் தொடர்ச்சி. வலையில்லாமல் தைக்கும் முறைகளும் அழியவில்லை. கனடாவின் ஷோல்டைஸ் மருத்துவமனை அதற்கென்றே பேர்பெற்றது. நம் புனே நகரத்து மருத்துவர் மோகன் தேசர்தா, நோயாளியின் சொந்தத் தசைப்படலத்தில் ஒரு பட்டையை எடுத்தே ஓட்டையை மூடும் முறையை 2001-ல் வெளியிட்டார். எல்லாருக்கும் அது பொருந்தாது. ஆனால் இப்படியும் உண்டு, அப்படியும் உண்டு, இதை வைத்தால் எடுப்பது கடினம் என்று கையெழுத்து வாங்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லலாம் அல்லவா? மாமாவிடம் கையெழுத்து வாங்கிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் தமிழே எழுத்துக்கூட்டிப் படிப்பவர்.

போன தை மாதம் மாமாவுக்கு அறுவை நடந்தது. மூன்றரை மணி நேரம். முதல் நாள் மாலை மருத்துவர் கட்டிலருகே வந்து, விரையை இழக்க நேரலாம் என்பது உட்பட எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க சொல்லிட்டீங்க. அது போதுங்க" என்றார். திறந்தபோது தட்டை வலையும் இருந்தது, பிளக்கும் இருந்தது. பிளக் சுருங்கி நெல்லிக்காய் அளவுக்கு இறுகியிருந்தது. ஒரு நரம்பு அதன் விளிம்பில் மாட்டியிருந்தது. நரம்பை வெட்டி, பிளக்கைத் துண்டு துண்டாக எடுத்து, சொந்தத் தசையை வைத்தே தைத்தார்கள். பெரிய சிரையின் மேல் ஒட்டிய ஒரு துண்டை மட்டும் விட்டுவிட்டார்கள்.

எட்டு மாதம் ஆகிறது. தழும்புக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலம் மரத்துக் கிடக்கிறது. பல் பிடுங்கின ஈறு மாதிரி என்கிறார். மழை நாளில் இன்னும் வலிக்கிறது. பேருந்தில் இன்னமும் இடது காலைத்தான் முதலில் வைக்கிறார், பழக்கத்தால். ஆனால் ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்வரை சம்மணம் கலைக்காமல் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பந்தியில் இருந்து அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் ஒரு முழுத்தாளில் தன் கையால் படம் வரைந்து கொடுத்தார். இடுப்பெலும்பு, இரத்தக்குழாய், எடுத்தது கோடு போட்டு, விட்டது கறுப்பு அடித்து. கீழே எழுதியிருந்தார்: வலது பக்கம், சிரையின் மேல் கட்டைவிரல் நக அளவு வலைத் துண்டு விடப்பட்டுள்ளது. மாமா அன்று சாயங்காலமே பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் அதை லேமினேஷன் செய்து, ரேஷன் கார்டோடு சேர்த்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அத்தையிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார்.